பிட்ஸ் எஸ்-1எஸ் வால் சக்கரம்: உதிரி பாகம் எங்கே கிடைக்கும், எதை மாற்ற வேண்டும்?

குட்டிக்கரணம்_டெக்சஸ் (கேள்வி)

வணக்கம். அமெரிக்காவில் பதிவான பிட்ஸ் எஸ்-1எஸ், ஒற்றை இருக்கை, இரட்டை இறக்கைச் சாகச விமானம். தொழிற்சாலையில் செய்தது அல்ல, வரைபடம் பார்த்துக் கட்டியது. செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். வால் சக்கரம் 6 அங்குல சாலிட் டயர். எந்தக் கம்பெனி சக்கரம் என்று கட்டியவர் எழுதி வைக்கவில்லை. கோளாறு மூன்று:

1. இறங்கி ஓடி வேகம் 35–40 மைலுக்குக் குறையும்போது வால் வெடவெடவென்று ஆடுகிறது.
2. டாக்ஸியில், அதாவது தரையில் மெதுவாக ஓட்டிப் போகும்போது, இடதுபக்கம் கொஞ்சம் மிதித்தாலே சக்கரம் பிடி விட்டு முழுச் சுழற்சிக்குப் போய்விடுகிறது. வலதுபக்கம் சரியாக இருக்கிறது.
3. சக்கரத்தைக் கையால் சுற்றினால் பேரிங் கரகரக்கிறது.

பிட்ஸ் எஸ்-1எஸ் வால் சக்கர பாகம் என்று தேடினால் உருப்படியாக ஒன்றும் வரவில்லை. மொத்தமாகப் புதுச் சக்கரமே வாங்கிவிடலாமா? 8 அங்குல காற்று டயர் வைத்தால் ஆட்டம் நிற்கும் என்கிறார்கள். ஒரே ஹேங்கரில் இருக்கும் எஸ்-2பி-க்கும் ஒரு கேள்வி: அதில் ஹேக் கம்பெனியின் பூட்டும் வகைச் சக்கரம். பூட்டிய பிறகும் பக்கவாட்டில் லூஸ் இருக்கிறது. அதற்கு என்ன வழி?

வால்_கனம்

விமானத்தின் பெயரை வைத்துத் தேடினால் கிடைக்காதுங்க. கட்டினவர் கையில் அன்றைக்கு எது இருந்ததோ அதுதான் உங்கள் வாலில் இருக்கும். மௌல், ஸ்காட், ஹேக், ஏவியேஷன் ப்ராடக்ட்ஸ், லாங் என்று எதுவாகவும் இருக்கலாம். ஒன்றின் உள்பாகம் இன்னொன்றுக்குச் சேராது. முதல் வேலை அது யாருடையது என்று கண்டுபிடிப்பது.

கிரீஸையும் பெயின்டையும் சுரண்டி வார்ப்பைப் பாருங்கள். ஸ்காட்டும் மௌலும் பெயரை வார்ப்பிலேயே போட்டிருப்பார்கள். மௌல் நிறுவனம் 1968-க்கு முன் மிச்சிகன் மாநில ஜாக்சனில் இருந்தது, பிறகு ஜார்ஜியாவின் மோல்ட்ரிக்குப் போனது. வார்ப்பில் ஜாக்சன் என்று இருந்தால் பழைய சரக்கு. பெயரே இல்லையென்றால் நான்கு அளவு எடுங்கள்: வால் சக்கரத்தைத் தாங்கும் பட்டை ஸ்ப்ரிங்கின் அகலம், அதைப் பிடிக்கும் போல்ட்டின் விட்டம், அச்சுத் தண்டின் விட்டம், ஃபோர்க்கின் உள் அகலம். பட்டை அகலம் பெரும்பாலும் ஒன்றேகால் அங்குலமோ ஒன்றரை அங்குலமோ இருக்கும். வேறு சக்கரம் வாங்குவதாக இருந்தாலும் முதலில் கேட்கப்படுவது இந்த அளவுதான். அது ஒத்துவராவிட்டால் ப்ராக்கெட் உட்காராது.

கம்பெனி தெரிந்துவிட்டால் பாகம் தேடுவது பெரிய வேலை இல்லை. மௌல் என்றால் மோல்ட்ரியிலேயே கேட்கலாம், அல்லது ஏர்கிராஃப்ட் ஸ்ப்ரூஸ். ஸ்காட் 3200-க்கு ஏர்கிராஃப்ட் ஸ்ப்ரூஸ், யூனிவேர் இரண்டும். பிட்ஸ், ஸ்கைபோல்ட் மாதிரி இரட்டை இறக்கை விமானங்களுக்கே கடை வைத்திருப்பவர்கள் ஃப்ளோரிடாவில் ஸ்டீன் ஏரோ லேப். எஸ்-2பி-க்குத் தொழிற்சாலை பாகம் வேண்டுமென்றால் வயோமிங்கின் ஆஃப்டனில் உள்ள ஏவியாட்.

8 அங்குலம் வேண்டாம் என்பது என் கருத்து. எடை கூடுவது வாலின் கடைசி முனையில். மூன்று பவுண்ட் கூடினால், ஈர்ப்பு மையத்திலிருந்து சுமார் 120 அங்குலம் தள்ளி என்று வைத்தால், 1,100 பவுண்ட் விமானத்தில் மையம் அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்கு பின்னால் போகும். ஸ்பின் (சுழன்றபடி கீழே விழும் சாகசம்) போடும் விமானத்தில் அதை வாரி இறைக்கக் கூடாது. டயர் மட்டும் வைத்துக் கணக்கிட்டாலே வாலும் ஒரு அங்குலம் உயரும். மூன்று சக்கரத்தையும் ஒன்றாகத் தொடவைக்கும் கோணத்தில் ஏறக்குறைய அரை டிகிரி போய்விடும். இவ்வளவும் கொடுத்துவிட்டு, ஆட்டத்துக்கான காரணம் வேறு இடத்தில் இருந்தால் அது அப்படியே இருக்கும்.

லேத்_மேசை

பேரிங் பற்றி மட்டும் சொல்கிறேன். இதில்தான் ஆட்கள் ஹப்பை, அதாவது பேரிங் உட்காரும் சக்கர நடுப்பகுதியை, கெடுக்கிறார்கள்.

பழைய பேரிங்கின் சீலில் உள்ள எண்ணைப் படியுங்கள். அழிந்திருந்தால் வெர்னியர் போதாது, மைக்ரோமீட்டரால் வெளிவிட்டம் அளக்க வேண்டும். அச்சு 5/8 அங்குலம், அதாவது 15.875 மி.மீ. என்றால் மூன்று பேரிங் போட்டிக்கு வரும்:

ஆர்10 – வெளிவிட்டம் 1 3/8 அங்குலம், அதாவது 34.925 மி.மீ.; சீல் வைத்தது 11/32 அங்குல அகலம்.
99502எச் – வெளிவிட்டம் அதே 34.925; அகலம் சுமார் 11 மி.மீ.
6202-10 – வெளிவிட்டம் 35.000, அகலம் 11 மி.மீ.

கடைசி இரண்டும் கையில் வைத்துப் பார்த்தால் ஒன்றுபோல இருக்கும். ‘சேம்தான் சார்’ என்று கடைக்காரர் எடுத்துக் கொடுப்பார். வித்தியாசம் 0.075 மி.மீ. 34.925-க்குக் குடைந்த ஹப்பில் 35-ஐ அழுத்தி ஏற்றினால் வெளி வளையம் நெருங்கி உள்ளே குண்டுக்கு இருக்கும் இடைவெளியைத் தின்றுவிடும். இந்த அளவு பேரிங்கில் அந்த இடைவெளியே மைக்ரான் கணக்குதான், 0.02 மி.மீ.-ஐத் தொடாது. புதுப் பேரிங் முதல் நாளே இறுக்கமாகச் சுற்றும், சூடாகும். மெல்லிய ஹப் என்றால் விரிசலும் விடும். எதிர்ப்பக்கம், 35-க்குக் குடைந்த ஹப்பில் 99502 போட்டால் வெளி வளையம் ஹப்புக்குள் வழுக்கிச் சுற்றி அலுமினியத்தை அரைக்கும். அதை லாக்டைட் பசை ஊற்றி மறைப்பதை நான் ஒப்புக்கொள்வதில்லை. ஹப் பெரிதாகிவிட்டால் ஹப்பை மாற்றுங்கள், இல்லை குடைந்து ஸ்லீவ் போடுங்கள்.

ஏற்றும் முறை: பேரிங்கை இரவு முழுக்க ஃப்ரீசரில் வையுங்கள். ஹப்பை ஹீட் கன்னால் 80 டிகிரி செல்சியஸ் வரை மட்டும் சூடாக்குங்கள். அதிலேயே 35 மி.மீ. துளை 0.04 மி.மீ. விரியும், அது போதும். அதற்கு மேல் போனால் டயர் ஹப்பை விட்டு உரியும். தள்ளுவது வெளி வளையத்தை மட்டுமே. உள் வளையத்தில் சுத்தியல் பட்டால் குண்டு ஓடும் பாதையில் பள்ளம் விழும், புதுப் பேரிங்கும் கரகரக்கும்.

இரண்டு பேரிங்குக்கும் நடுவே உள் வளையங்களைத் தாங்கும் ஸ்பேசர் குழாய் இருக்கிறதா என்று பாருங்கள். பழுது பார்த்த சக்கரங்களில் காணாமல் போகும் சாமான் இதுதான். அது இல்லாமலோ குட்டையாகவோ இருந்தால் அச்சு நட்டை இறுக்கும்போது இரண்டு உள் வளையமும் ஒன்றையொன்று நோக்கி நெருங்கி, பேரிங் பக்கச் சுமையில் ஓடும். நட்டை இறுக்கினால் சக்கரம் கனக்கிறது, தளர்த்தினால் லேசாகிறது என்றால் சந்தேகமே வேண்டாம், ஸ்பேசர்தான்.

வேகத்துக்காக விலை உயர்ந்த பேரிங் தேவையில்லை. மணிக்கு 70 மைலில் 6 அங்குலச் சக்கரம் நிமிடத்துக்கு 3,900 சுற்று ஓடுகிறது, அவ்வளவுதான். ரப்பர் சீல் வைத்த சாதாரண 6202 பத்தாயிரத்துக்கு மேல் தாங்கும். அதைக் கொல்வது தண்ணீரும் மணலும். பிரஷர் வாஷரை வால் பக்கம் கொண்டுபோகாதீர்கள்.

வால்_கனம்

லேத் அண்ணன் சொன்னதோடு, இடதுபக்கம் பிடி விடுவதைப் பார்ப்போம்.

திருப்பவும் முடியும், முழுக்கச் சுழலவும் முடியும் என்கிற சக்கரங்களில், ரட்டரோடு (வாலில் உள்ள திசைத் தகடு) இணைந்த திருப்பும் கையோடு (ஸ்டீயரிங் ஆர்ம்) ஃபோர்க்கைச் சேர்த்துப் பிடிப்பது ஸ்ப்ரிங் தள்ளி நிற்கும் ஒரு பூட்டு நாக்கு. சுழல் தண்டில் அதற்கென்று ஒரு பள்ளம். குறிப்பிட்ட கோணம் தாண்டினால் நாக்கு பள்ளத்தை விட்டு வெளியே வரும், சக்கரம் தன்பாட்டுக்குச் சுழலும். நாக்கின் மூலையும் பள்ளத்தின் விளிம்பும் கூர்மையாக இருக்கும்வரை அது கோணத்துக்குக் கட்டுப்படும். மூலை உருண்டுவிட்டால் கோணத்துக்கு முன்பே, பக்கச் சுமைக்கே நழுவும். ஒரு பக்கம் மட்டும் என்றால் நாக்கின் ஒரு கன்னம் தேய்ந்திருக்கிறது. ஹேங்கர் எப்போதும் ஒரே திசையில் திரும்பித்தான் போகவேண்டும் என்றால் அப்படித்தான் தேயும்.

வாலை ஸ்டாண்டில் தூக்கி வைத்து, திருப்பும் கையை அசையாமல் பிடித்துக்கொண்டு, அச்சின் முனையில் மீன் தராசு மாட்டி இரண்டு பக்கமும் இழுத்துப் பாருங்கள். இடது, வலது எத்தனை பவுண்டில் நழுவுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். வித்தியாசம் பெரிதாக இருந்தால் பிரிக்கலாம். பிரிக்கும்போது துணியைப் போர்த்திப் பிரியுங்கள், அந்த ஸ்ப்ரிங் பறக்கும். ஷிம்மும் (இடைவெளி நிரப்பும் தகடு) வாஷரும் எந்த வரிசையில் வருகிறதோ அப்படியே கம்பியில் கோர்த்து வையுங்கள். பழைய கிரீஸை முழுக்கக் கழுவ வேண்டும். மண் கலந்த கிரீஸ் உள்ளே அரைக்கும் பசை, வேறொன்றும் இல்லை.

நாக்கு, ஸ்ப்ரிங், வாஷர் மூன்றையும் சேர்த்து வாங்குங்கள். நாக்கை அரத்தால் ராவி மூலையைக் கூராக்கலாம், ஒரு சீசன் ஓடும். ஆனால் ராவினால் அகலம் குறையும், பள்ளத்துக்குள் லூஸ் கூடும், அந்த லூஸே ஆட்டத்தைத் தூண்டும். பள்ளத்தின் விளிம்பும் உருண்டிருந்தால் புது நாக்கு மட்டும் போட்டுப் பயனில்லை. தண்டையும் மாற்ற வேண்டும். ஹார்டுவேர் கடையில் இருந்து கடினமான ஸ்ப்ரிங் போட்டு ‘சரி’ செய்வது பரவலான தவறு. அப்புறம் நழுவ வேண்டிய நேரத்திலும் நழுவாது. பக்கச் சுமை முழுக்க ஃபோர்க்கிலும் ரட்டர் கொம்பிலும் (ரட்டரை இழுக்கும் கை) போய் விழும்.

உங்கள் சக்கரம் ஸ்காட்டாக இருந்தால் மூடிக்கு அடியில் வரிசையாகச் சிறு ஸ்ப்ரிங்குகளும் உராய்வுத் தட்டும் இருக்கும். ஆட்டத்தை அடக்குவது அந்தத் தட்டுதான். தட்டு தேய்ந்து ஸ்ப்ரிங்கும் தளர்ந்திருந்தால் மற்றதையெல்லாம் மாற்றியும் ஆடும்.

குட்டிக்கரணம்_டெக்சஸ்

ரொம்ப நன்றி அண்ணே. சுரண்டினதில் மௌல் என்று தெரிகிறது. பட்டை ஒன்றரை அங்குலம். பேரிங் வெளிவிட்டம் 34.92, அகலம் 11. ஸ்பேசர் குழாய் இல்லை, அதற்குப் பதிலாக இரண்டு வாஷர். தராசில் வலது 31 பவுண்ட், இடது 14. நாக்கின் இடது மூலை கண்ணுக்கே உருண்டு தெரிகிறது, பள்ளம் நன்றாக இருக்கிறது. இதை மாற்றினால் ஆட்டம் நிற்குமா?

பட்டை_ஸ்ப்ரிங்

குறையும். நிற்குமா என்பது பட்டையைப் பார்த்தால்தான் தெரியும். ஷிம்மிக்கு, அதாவது இந்த வால் ஆட்டத்துக்கு, சக்கரத்தைத் திட்டுகிறவர்கள் பட்டையைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

சுழல் தண்டின் கோட்டைக் கீழே நீட்டினால் அது தரையைத் தொடும் புள்ளி, டயர் தரையைத் தொடும் இடத்துக்கு முன்னால் இருக்க வேண்டும். எவ்வளவு முன்னால் இருக்கிறதோ அவ்வளவுக்குச் சக்கரம் ஒழுங்காகப் பின்னால் வரும். தண்டு செங்குத்தாகவோ, மேல்முனை சற்றே வால் பக்கம் சாய்ந்தோ இருந்தால் நல்லது. பட்டை வருடக்கணக்கில் அமர்ந்து வளைவு போனால் அதன் பின்முனை மேலே தூக்கும், தண்டின் மேல்முனை மூக்குப் பக்கம் சாயும், அந்தப் புள்ளி டயரை நெருங்கும். ஆட்டம் அங்கே ஆரம்பிக்கிறது.

அளப்பது சுமையோடு. டேங்க் நிரம்பியிருக்க வேண்டும், சீட்டில் ஆள் உட்கார்ந்திருக்க வேண்டும், தரை மட்டமாக இருக்க வேண்டும். டிஜிட்டல் கோணமானியைத் தண்டின் மூடி மேல் வைத்துப் பாருங்கள். காலியாக அளந்தால் நன்றாகவே காட்டும், ஏமாற வேண்டாம்.

மேல்முனை முன்பக்கம் ஓரிரு டிகிரி சாய்ந்திருந்தால் பட்டைக்கும் ப்ராக்கெட்டுக்கும் நடுவே ஆப்பு ஷிம் போடலாம். இரண்டரை அங்குல நீளத்தில் 2 டிகிரிக்கு, தடித்த முனை மெலிந்த முனையைவிட 2.2 மி.மீ. கூடுதலாக இருக்க வேண்டும். ப்ராக்கெட் பட்டைக்கு அடியில் இருந்தால் தடித்த முனை பின்பக்கம். பட்டைக்கு மேலே உட்காரும் வகை என்றால் தடித்த முனை முன்பக்கம். திருப்பிப் போட்டால் ஆட்டம் இரட்டிப்பாகும். ஷிம்மில் போல்ட் தலை கோணலாக உட்காராதபடி அந்தப் பக்கமும் பார்த்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் போல்ட் வளைவுச் சுமையில் வேலை செய்து கழுத்தில் அறும்.

நான்கு டிகிரிக்கு மேல் என்றால் ஷிம் வேண்டாம், பட்டையை மாற்றுங்கள், அல்லது ஸ்ப்ரிங் பட்டறையில் குளிர் முறையில் வளைவு ஏற்றச் சொல்லுங்கள். கேஸ் வைத்துச் சூடாக்கி அடிப்பவரிடம் கொடுக்காதீர்கள். பதம் போய்விடும், அடுத்த கரடுமுரடான இறக்கத்தில் நேராகிவிடும். எப்படியும் பட்டைகளைப் பிரித்து போல்ட் துளையைச் சுற்றிக் விரிசல் கண்டுபிடிக்கும் காந்தத் துகள் சோதனை செய்யுங்கள். பட்டை உடைவது பெரும்பாலும் துளையில்தான். துருக்குழி இருக்கும் பட்டையைத் தேய்த்துப் பளபளப்பாக்கித் திரும்பப் போட வேண்டாம்.

போல்ட்கள் எல்லாம் புதிது போடுங்கள். விமான போல்ட் அளவில் ஏஎன்5 என்றால் 5/16 அங்குலம், முறுக்கு 100 முதல் 140 இஞ்ச்-பவுண்ட். ஏஎன்6 என்றால் 3/8, 160 முதல் 190. சக்கரத் தயாரிப்பாளர் வேறு அளவு கொடுத்திருந்தால் அதுவே கணக்கு. சுழலும் மூட்டில் நைலான் நட் கூடாது, கோட்டை நட்டும் காட்டர் பின்னும் போடுங்கள். இரண்டு மூன்று பறப்புக்குப் பிறகு பட்டை போல்ட்டை மறுபடி முறுக்கிப் பாருங்கள், பெயின்ட் நசுங்கிக் கொஞ்சம் தளரும்.

ரட்டரையும் திருப்பும் கையையும் சேர்க்கும் இணைப்பு ஸ்ப்ரிங் இரண்டும் ஒரே கனமா? மௌல் செட்டில் ஒன்று தடிமன், ஒன்று மெலிது என்றுதான் வரும். இரண்டு பக்கமும் ஒரே தாளத்தில் துள்ளாமல் இருப்பதற்காக அப்படி. அழகுக்காக ஒரே ஜோடியாகப் போட்டிருந்தால் மாற்றுங்கள்.

தலைகீழ்_பறவை

எஸ்-2பி கேள்விக்கு யாரும் வரவில்லை, நான் வருகிறேன்.

ஹேக் வேறு ஜாதி. ரட்டரோடு இணைப்பு கிடையாது. பூட்டைத் திறந்தால் சும்மா சுழலும், பிரேக் வைத்துத் திருப்ப வேண்டும். பூட்டினால் நேராக நிற்கும், ஏறவும் இறங்கவும் அப்படித்தான். பூட்டிய பிறகு லூஸ் என்றால் முதலில் கேபிளைப் பாருங்கள். லீவர் பூட்டும் நிலையில் இருக்கும்போது கேபிள் சற்றே தொய்வாக இருக்க வேண்டும். விறைப்பாக இருந்தால் பூட்டும் பின் (ஊசி) பாதி அளவு மட்டும் இறங்கி நிற்கும். பாதிப் பிடியில் ஓடி ஓடி பின்னின் மூலையும் பள்ளத்தின் வாயும் கூம்பாகிவிடும், பிறகு கேபிளைச் சரிசெய்தாலும் லூஸ் போகாது. அந்த நிலைக்கு வந்துவிட்டால் பின்னையும் பள்ளம் உள்ள பாகத்தையும் ஜோடியாக மாற்ற வேண்டும்.

ஆனால் எஸ்-1எஸ் மாதிரி இதில் கையை வைக்க முடியாது. எஸ்-2பி சான்றிதழ் பெற்ற ரகம். பாகத்துக்கு அமெரிக்க விமான ஆணையமான எஃப்ஏஏ-வின் பிஎம்ஏ (பாகத் தயாரிப்பு அனுமதி) முத்திரையோ 8130-3 என்ற தகுதிச் சீட்டோ இருக்க வேண்டும். வேறு கம்பெனி சக்கரத்துக்கு மாறுவதென்றால் எஸ்டிசி (மாற்றத்துக்கான துணை வகைச் சான்றிதழ்), இல்லையேல் பெரிய மாற்றத்துக்கான 337 படிவம் போட்டுக் கள அனுமதி. ஐஏ (ஆய்வு அதிகாரம்) தகுதி உள்ள மெக்கானிக்கிடம் முதலிலேயே பேசுங்கள். எங்கும் கிடைக்காத பின் மாதிரி சின்ன சாமானுக்கு விதி 21.9-இல் ஒரு வழி இருக்கிறது: உரிமையாளர் தன் விமானத்துக்காகத் தானே பாகம் தயாரிக்கலாம். லேத்தில் கொடுத்துச் செய்யலாம், ஆனால் வரைபடம், உலோகம், பதம், தரச் சோதனை இதில் உரிமையாளரின் பங்கு எழுத்தில் இருக்க வேண்டும். அதே பாகத்தைப் பக்கத்து ஹேங்கர்காரருக்குச் செய்து விற்றால் அது கணக்கில் சேராது.

வரைபடம் பார்த்துக் கட்டிய எஸ்-1எஸ்-க்கு இந்தக் கெடுபிடி இல்லை. லாக் புக்கில் என்ன மாற்றினீர்கள் என்று எழுதுங்கள், எடை மாறினால் எடை-சமநிலைத் தாளையும் திருத்துங்கள். கம்பெனியே மாற்றினால் உங்கள் இயக்க வரம்புகள் தாளில் பெரிய மாற்றம் பற்றி என்ன சொல்லியிருக்கிறது என்று படித்துவிட்டுப் பறங்கள்.

குட்டிக்கரணம்_டெக்சஸ்

ஆள் உட்கார வைத்து அளந்தாயிற்று. மேல்முனை முன்பக்கம் 2.5 டிகிரி. ப்ராக்கெட் பட்டைக்கு அடியில்தான். இணைப்பு ஸ்ப்ரிங் இரண்டும் ஒரே கனம், இழுவை வகை, வெறும் கொக்கி.

பட்டை_ஸ்ப்ரிங்

அப்போ 3 டிகிரி ஆப்பு, தடித்த முனை பின்பக்கம், பட்டைச் சோதனை முடிந்த பிறகு. நாக்கு செட், 99502எச் இரண்டு, ஸ்பேசர் குழாய் ஒன்று, அமுக்க வகை இணைப்பு ஸ்ப்ரிங் செட் ஒன்று. மொத்தச் சக்கரம் வாங்க வேண்டியதில்லை.

ஸ்பேசரைத் தோராயமாக வெட்ட வேண்டாம். ஹப்பில் இரண்டு பேரிங்கும் அடி வரை உட்கார்ந்த பிறகு உள் வளையங்களுக்கு நடுவே உள்ள தூரத்தை அளந்து, அதைவிட மயிரிழை அளவு மட்டும் கூடுதலாக விட்டுக் கடைந்து, நட்டை இறுக்கியபின் சக்கரம் தடையில்லாமல் சுற்றுகிறதா என்று பாருங்கள்.

வெறும் கொக்கியோடு இனிமேல் பறக்காதீர்கள். இழுவை ஸ்ப்ரிங் அறுந்தால் ஒரு பக்கத் திருப்பம் போகும், அது பரவாயில்லை. அறுந்த துண்டு சங்கிலியோடு ரட்டர் கொம்பில் சிக்கினால்தான் ஆபத்து, அதுவும் டெயில்ஸ்லைடில் (வால் முன்னே பின்னோக்கிச் சறுக்கும் சாகசம்) ரட்டர் தடுப்பு வரை அடிக்கும் விமானத்தில். அமுக்க வகையில் ஸ்ப்ரிங் உடைந்தாலும் உள்ளே கம்பிகள் ஒன்றையொன்று கோத்து நிற்கும், இணைப்பு விடாது. சங்கிலியை இரண்டு நிலையிலும் பாருங்கள்: தரையில் சக்கரம் நேராக, ரட்டர் நடுவில் இருக்கும்போது கையால் தூக்கினால் கால் அங்குலம் அசைய வேண்டும், வாலைத் தூக்கிச் சக்கரம் தொங்கும்போது சங்கிலி விறைத்து ரட்டரை இழுக்கக் கூடாது. பிறகு ரட்டரை இரண்டு பக்கமும் கடைசி வரை மிதித்து, திருப்பும் கை ரட்டரின் அடியில் உரசாமல் போகிறதா என்று ஒருவர் பின்னால் நின்று பார்க்கட்டும். சக்கரத்தைப் பிடி விடவைத்து ஒரு முழுச் சுற்றுச் சுற்றி, சங்கிலி ஃபோர்க்கில் சுருட்டிக்கொள்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம்.